எலும்பு பிடித்துவிட்டது, ஈறு பிடித்ததா?

பல் இம்ப்ளாண்ட், அதாவது இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய ஸ்க்ரூ, போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் எலும்பைப் பற்றியே பேசுவார்கள். எலும்பு போதுமா, எலும்புத் தூள் வைக்கணுமா, ஸ்க்ரூ பிடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று. ஈறு என்று வந்தால் "தையல் பிரிச்சாச்சு, ஆறிடுச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்புறம் ஒரு வருடமோ ஐந்து வருடமோ கழித்து, பல் தேய்க்கும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் ரத்தம் எட்டிப்பார்க்கும். வலி இருக்காது. வலி இல்லாததால் நாலைந்து மாதம் தள்ளிப்போடுவார்கள். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தால் ஸ்க்ரூவைச் சுற்றிக் கிண்ணம் குடைந்த மாதிரி கருப்பாக ஒரு குழி தெரியும். "எலும்பு நல்லாப் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே?" என்ற கேள்வி தானாக வரும். பிடித்திருந்தது உண்மைதான். அடியில் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அதனால்தான் ஆடவில்லை. மேலே காவல் காக்க வேண்டிய ஈறு எப்போதோ வழிவிட்டுவிட்டது. முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நினைக்காதவர்கள் குறைவு. அதனால் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

சொந்தப் பல்லை ஈறு எப்படிப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மேலே ஒரு சின்னப் பள்ளம். அதற்குக் கீழே சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு மெல்லிய தோல்படலம் எனாமலோடு ஒட்டியிருக்கும். அதற்கும் கீழே இன்னொரு மில்லிமீட்டருக்கு நார்த் திசு. 1961ல் அளந்து சொன்ன சராசரி தோல்படலத்துக்கு 0.97, நார்த் திசுவுக்கு 1.07 மில்லிமீட்டர். இதில் முக்கியமானது நார்தான். ஈறின் கொலாஜன் நார்கள் பல் வேரின் மேல்பூச்சுக்கு உள்ளேயே குத்திட்டு நுழைந்து புதைந்திருக்கும். பாக்டீரியா மேல் படலத்தைத் தாண்டினாலும் இந்த நார் வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். பல்லைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் ஈறுக்கு ரத்தம் வருவதால், சண்டைக்குத் தேவையான வெள்ளணுக்கள் இரண்டு வழியாக வந்து சேரும்.

இம்ப்ளாண்டில் தோல்படலம் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் ஒட்டுகிறது, டைட்டானியத்தின் மேலும் அந்தச் செல்கள் தங்கள் பசையைச் சுரந்து பிடித்துக்கொள்கின்றன. நார்தான் ஏமாற்றிவிடுகிறது. டைட்டானியத்துக்குள் நார் நுழைய வழியே இல்லை. அதனால் நார்கள் உலோகத்துக்கு இணையாக மேலிருந்து கீழே ஓடும், அல்லது வளையமாகச் சுற்றிக்கொள்ளும். ஜாடி வாய்க்குத் துணியால் வேடு கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் இருக்கும்வரை தூசி போகாது, ஆனால் துணி ஜாடியோடு ஒட்டியிருக்கவில்லை. சுற்றிலும் உள்ள திசுவும் தழும்புத் திசு மாதிரி, நார் அதிகம், செல் குறைவு. பல்லைச் சுற்றிய சவ்வு இங்கே இல்லை என்பதால் அந்த வழி ரத்தமும் இல்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1990களில் நாய்களிடம் நடந்த சோதனைகள் இந்த அமைப்பை அளந்து காட்டின: தோல்படலம் சுமார் 2 மில்லிமீட்டர், நார்த் திசு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். மொத்தம் மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு கழுத்துப்பட்டி. வாய்க்குள் இருக்கும் அத்தனை கிருமிக்கும் எலும்புக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான்.

அந்தக் கழுத்துப்பட்டி எப்போது உருவாகிறது என்று பார்த்தால், ஈறை வெட்டி ஹீலிங் கேப், அதாவது ஈறு ஆறும்வரை இம்ப்ளாண்ட் தலையில் திருகி வைக்கும் சின்ன மூடி, மாட்டிய நாளில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. முதலில் உலோகத்துக்கும் சதைக்கும் நடுவே ரத்தம் உறைந்து நிற்கும். ஓரிரு வாரத்தில் தோல்படலம் அந்த உறைவின் மேல் மெல்ல இறங்கத் தொடங்கும். நார்கள் அடுக்கடுக்காக அமைந்து எல்லாம் முதிர்ந்து நிற்க ஆறு முதல் எட்டு வாரம். வெளியிலிருந்து பார்த்தால் பத்தாம் நாளே ரோஜா நிறத்தில் நன்றாக ஆறிவிட்ட மாதிரி இருக்கும், அதுதான் ஏமாற்று. வெளித்தோல் மூடியிருப்பது வேறு, உள்ளே பிடிப்பு முதிர்ந்திருப்பது வேறு. பாக்டீரியா காத்திருப்பதில்லை, கேப் மாட்டிய முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அந்த ஓரத்தில் குடியேறிவிடும்.

முதல் இரண்டு வாரம் அந்த இடத்தில் சாதாரண பிரஷ் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு, 0.12 அல்லது 0.2 சதவீதம், எழுதிக் கொடுத்தபடி காலை ஒரு முறை, இரவு ஒரு முறை. பேஸ்ட் வைத்துத் தேய்த்தவுடன் கொப்பளித்தால் பேஸ்டின் நுரைப்பொருள் மருந்தின் வேலையைக் கெடுக்கும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் அதைத் தொடரவும் கூடாது. பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மந்தமாகும். ஆறிக்கொண்டிருக்கும் ஈறின் நார் செல்களுக்கும் அது அவ்வளவு நல்லதில்லை. இரண்டு வாரம் முடிந்ததும் மிக மென்மையான பிரஷ்ஷால் கேப்பின் தலையைத் துடைக்கிற மாதிரி தேயுங்கள். பயத்தில் அந்தப் பக்கமே போகாதவர்கள் உண்டு. கேப் மேல் வெள்ளையாக வழவழவென்று ஒரு படலம் சேர்ந்து, ஈறு ஓரம் சிவந்து வீங்கி நிற்கும். பயம் புரிகிறது, ஆனால் தேய்ப்பதால் வரும் கெடுதலைவிடத் தேய்க்காததால் வருவது அதிகம்.

ஹீலிங் கேப் கழன்றுவிடுவது பலருக்கு நடக்கிறது. அதைக் கையால்தான் இறுக்கியிருப்பார்கள், நாக்கால் நெருடிக்கொண்டே இருந்தால் தளரும். ஆடுகிற கேப் ஒவ்வொரு அசைவிலும் புதிதாக ஒட்டிய படலத்தைக் கிழிக்கும், அடியில் எச்சிலும் கிருமியும் உள்ளே வெளியே போய்வரும். வாயில் இருந்து ஒரு கெட்ட வாடை வருவதே முதல் அறிகுறியாக இருக்கும். நீங்களே திருகி இறுக்க வேண்டாம், இடையில் சதை மாட்டினால் கேப் முழுதாக உட்காராது. கையோடு வந்துவிட்டால் பத்திரப்படுத்தி அன்றைக்கே போங்கள். "அடுத்த வாரம்தானே அப்பாயின்ட்மென்ட்" என்று இருந்தால், அந்த ஓட்டை ஒரு நாளிலேயே சுருங்கத் தொடங்கி, சில நாளில் இம்ப்ளாண்ட் தலையைச் சதை மூடிவிடும். மறுபடி மரப்பு ஊசி, மறுபடி வெட்டு, எட்டு வாரக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

ஈறு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை இம்ப்ளாண்ட் வைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டிக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயரம் தேவை என்று பார்த்தோம். எலும்புக்கு மேலே ஈறு 2 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான் இருக்கிறது என்றால், உடல் மிச்ச இடத்தை எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளும். எலும்பைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்கிறது. கிருமியே இல்லாவிட்டாலும் இந்தக் கரைவு நடக்கும். முதல் வருடத்தில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் எலும்பு இறங்குவது சகஜம் என்று பழைய கணக்கில் சொல்வார்கள். அதில் ஒரு பங்கு இப்படி ஈறு தனக்கு இடம் பிடித்த கணக்கு. மெல்லிய ஈறு என்று தெரிந்தால், அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து அங்கே வைத்துத் தடிமனாக்கலாம், அல்லது இம்ப்ளாண்டைச் சற்று ஆழமாக வைக்கலாம். முன்பே செய்தால் இரண்டு மாதம் கூடுதல். பிரச்சினை வந்த பிறகு செய்வதில் பாதி பலன்கூடக் கிடைக்காமல் போகலாம்.

தடிமனைப் போலவே இன்னொன்று, ஈறின் ரகம். பல்லை ஒட்டிய ஈறு கெட்டியாக, வெளிறிய இளஞ்சிவப்பில், இழுத்தால் நகராமல் இருக்கும். கன்னத்துப் பக்கம் போகப்போகச் சதை பளபளப்பாக, அடர்சிவப்பாக, இழுத்தால் கூடவே வரும். இம்ப்ளாண்டைச் சுற்றிக் கெட்டி ஈறு குறைந்தது 2 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. இல்லாவிட்டால் உதட்டை அசைக்கும்போதெல்லாம் கழுத்துப்பட்டி இழுபடும். பிரஷ் படும்போது எரிச்சலும் வரும், எரிச்சல் வந்தால் அந்த இடத்தைத் தன்னையறியாமல் விட்டுவிட்டுத் தேய்ப்போம். கண்ணாடி முன் நின்று உதட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். இம்ப்ளாண்ட் ஓரத்து ஈறும் சேர்ந்து நகர்ந்தால் அடுத்த முறை அதைக் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது அபட்மென்ட், அதாவது இம்ப்ளாண்டுக்கும் கிரவுனுக்கும் (வெளியே தெரியும் செயற்கைப் பல்லுக்கும்) நடுவில் ஈறைத் துளைத்து வரும் துண்டு. ஈறு ஒட்டுவது பெரும்பாலும் இதன் மேல்தான், ஆனால் இது எதனால் ஆனது என்று கேட்பவர் அபூர்வம். டைட்டானியம், சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் ரகம் இரண்டிலும் ஈறு நன்றாகப் பிடிக்கிறது. ஈறுக்குள் இருக்கும் பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பு 0.2 மைக்ரான் அளவுக்குக் குறையும்வரை கிருமி படிவதும் குறையும், அதற்குக் கீழே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் கூடுதல் லாபம் இல்லை. எலும்பு பிடிக்கவேண்டிய பகுதி சொரசொரப்பாகவும் ஈறு பிடிக்கவேண்டிய பகுதி வழவழப்பாகவும் இருப்பது இதனால்தான். சில இம்ப்ளாண்டுகளின் கழுத்தில் லேசரால் எட்டு மைக்ரான் அளவில் நுண்வரிகள் செதுக்கியிருப்பார்கள், நார்கள் இணையாக ஓடாமல் குறுக்கே வந்து பிடிக்கட்டும் என்பதற்காக. நல்ல யோசனை. ஆனாலும் சொந்தப் பல்லின் நார் வேலி திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அபட்மென்டை எத்தனை முறை கழற்றி மாட்டுகிறார்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். அளவெடுக்க ஒரு தடவை, பொருத்திப் பார்க்க ஒரு தடவை, நிறம் சரியில்லை என்று இன்னொரு தடவை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் உள்ளே ஒட்டிய படலம் பிய்கிறது. திருகி எடுத்த துண்டை வெளிச்சத்தில் பார்த்தால் அதன் இடுப்பில் மெல்லிய சிவப்புக் கோடாக ரத்தம் இருக்கும், அதுதான் பிய்ந்த இடம். கோத்தன்பர்க் சோதனைகளில் ஐந்து முறை கழற்றி மாட்டிய பக்கத்தில் ஈறின் பிடிப்பு கீழே இறங்கி எலும்பும் குறைந்தது. இதனால்தான் கடைசி அபட்மென்டை முதலிலேயே மாட்டி, பிறகு கழற்றாமலே மேல்வேலையை முடிக்கும் முறை வந்தது. எல்லோருக்கும் அது ஒத்துவராது, ஆனால் "இதைக் கழற்றாமல் செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. கடைசியாக அபட்மென்ட் ஸ்க்ரூவை இறுக்கும்போது முறுக்குவிசையின் அளவு காட்டும் ராட்செட்டால் இறுக்குகிறார்களா என்றும் பாருங்கள். எத்தனை நியூட்டன் சென்டிமீட்டர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெரும்பாலும் 15க்கும் 35க்கும் நடுவில். கைமுறுக்கில் விட்ட ஸ்க்ரூ தளர்ந்தால், இணைப்பில் மயிரிழை இடைவெளி விழும். அது கிருமிக்குச் சொந்த வீடு மாதிரி.

கோபம் வரவேண்டிய இடம் சிமென்ட். கிரவுனை ஸ்க்ரூ வைத்தும் மாட்டலாம், சிமென்ட் வைத்து ஒட்டியும் மாட்டலாம். ஒட்டும்போது பிதுங்கும் சிமென்ட் சொந்தப் பல்லாக இருந்தால் நார் வேலியில் முட்டி மேலே வந்துவிடும். இங்கே வேலி இல்லை, அழுத்தம் தாங்காமல் படலம் விலகி, சிமென்ட் ஈறுக்குள் நேராக இறங்கிவிடும். கிரவுனின் விளிம்பு ஈறுக்குள் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சிமென்ட் கண்ணுக்குத் தெரியாமல் தங்கும். சில சிமென்ட் எக்ஸ்ரேயிலும் தெரியாது. 2009ல் வெளியான ஓர் ஆய்வில், அழற்சி வந்த இம்ப்ளாண்டுகளில் 81 சதவீதத்தில் மிச்ச சிமென்ட் இருந்தது. அதைச் சுரண்டி எடுத்ததும் 74 சதவீதத்தில் அறிகுறி போய்விட்டது. அறிகுறி தெரிய சிலருக்கு நான்கு மாதம், சிலருக்கு ஒன்பது வருடத்துக்கும் மேல். மணல் துகள் அளவு பிசிறு ஒன்று உள்ளே கிடக்க, "நான்தான் சரியாத் தேய்க்கலையோ" என்று வருடக்கணக்கில் தன்னையே நொந்துகொண்டவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஸ்க்ரூவால் மாட்ட வழி இருந்தால் அதையே கேளுங்கள். மெல்லும் பரப்பில் ஒரு சின்ன ஓட்டையும் அதை அடைத்த பல்நிற ஃபில்லிங்கும் தெரியும், அவ்வளவுதான் குறை. சிமென்ட்தான் என்றால் விளிம்பு ஈறு மட்டத்திலோ சற்றே உள்ளேயோ இருக்கட்டும். ஒட்டிய ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறை திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கிரவுனின் வடிவத்தைப் பார்க்கும்போது கண்ணாடியில் அழகு மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒல்லியான இம்ப்ளாண்டின் மேல் அகலமான கடைவாய்ப்பல் உட்காரும்போது, ஈறிலிருந்து வெளிவரும் இடத்தில் அது குடை மாதிரி சட்டென்று விரிந்தால் அடியில் பிரஷ் போகாது. இன்டர்டென்டல் பிரஷ்ஷை, அதாவது பல் இடுக்கில் விடும் சின்ன பிரஷ்ஷை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையில் கண்ணாடி பிடித்து, இரண்டு பக்கமும் நீங்களே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் லேபுக்குத் திருப்பி அனுப்பி வடிவத்தை மாற்றச் சொல்லுங்கள். ஒரு வாரம் தாமதமாகும், ஆகட்டும். பிரஷ் வாங்கும்போது நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதா என்று பாருங்கள், வெறும் கம்பி அபட்மென்டைக் கீறும். மயிர்கள் இரண்டு பக்கமும் லேசாக வளைந்து தொடுகிற அளவுதான் சரியான அளவு. பல் இடுக்கைத் துடைக்கும் நூலான ஃப்ளாஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: ஈறு இறங்கி இம்ப்ளாண்டின் சொரசொரப்பான பகுதி வெளியே வந்திருந்தால் நூல் அதில் சிக்கிப் பிய்ந்து, இழைகள் உள்ளே தங்கி, அதுவே அழற்சியைக் கிளப்பியதாகப் பதிவுகள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சின்ன பிரஷ் போதும்.

கிரவுன் மாட்டிய அன்றே ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி அதன் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈறுக்கும் இம்ப்ளாண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தின் ஆழத்தையும் ஓரிரு மாதத்துக்குள் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். பிற்பாடு வரும் அளவு ஒவ்வொன்றும் இதோடு ஒப்பிடத்தான். முதல் நாள் கணக்கு கையில் இல்லாவிட்டால், அந்தப் பள்ளம் 6 மில்லிமீட்டர் ஆழமும் எலும்பு 3 மில்லிமீட்டர் இறக்கமும் வந்த பிறகுதான் உறுதியாக நோய் என்று சொல்ல முடிகிற நிலைமை ஆகிவிடும். அளக்கும் கம்பியை உள்ளே விட்டால் ஒட்டிய ஈறு பிரிந்துவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள், சில பல் மருத்துவர்களே அப்படிச் சொல்லி அளக்காமல் விடுவதும் உண்டு. சுமார் 25 கிராம் எடை அழுத்தம், அதாவது நகத்துக்கடியில் வைத்து அழுத்தினால் வலிக்காத அளவு போதும். அதில் பிரியும் படலம் ஐந்து நாளில் மறுபடி ஒட்டிவிடுகிறது. அளக்காமல் விடுவதில்தான் ஆபத்து. பல்லைச் சுற்றிய சவ்வு இல்லாத இடம் என்பதால் அழற்சி வந்தாலும் பல்வலி மாதிரி நம்மை எழுப்பாது.

ரத்தம் வந்தால் அதை இரண்டு கட்டமாகப் பாருங்கள். ஈறில் மட்டும் அழற்சி, எலும்பு அப்படியே இருக்கிறது என்றால் திரும்ப வழி இருக்கிறது. கிளீனிங் செய்து, மறைந்த சிமென்டையும் தளர்ந்த ஸ்க்ரூவையும் தேடி, வீட்டில் ஒழுங்காகத் தேய்த்தால் சரியாகும், ஆனால் நாளாகும். மூன்று வாரம் வேண்டுமென்றே தேய்க்காமல் விட்டு, பிறகு மூன்று வாரம் ஒழுங்காகத் தேய்க்கவைத்த சோதனையில், இம்ப்ளாண்ட் ஈறு முழுதாகப் பழைய நிலைக்கு வரவில்லை. அதனால் பத்து நாள் தேய்த்துவிட்டு இன்னும் சிவப்பாக இருக்கிறதே என்று சோர்ந்துபோக வேண்டாம். எலும்பும் இறங்கத் தொடங்கிவிட்டால் கதை வேறு. சொந்தப் பல்லில் அழற்சிக்கும் எலும்புக்கும் நடுவே ஆரோக்கியமான நார் அடுக்கு ஒன்று மதில் மாதிரி நிற்கும். இம்ப்ளாண்டில் அந்த மதில் பெரும்பாலும் இருப்பதில்லை, அழற்சி நேராக எலும்பைத் தொடுகிறது. அதனால் வேகமும் அதிகம். சீழ் ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்த வாரமே போய்விடுங்கள். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் திருப்தியடைய வேண்டாம், இம்ப்ளாண்டின் மேல் படிந்த படலத்தைக் கருவியால் எடுக்காமல் மாத்திரை தனியாக எதையும் முடிக்காது. பல நேரம் ஈறைத் திறந்துதான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதுவும் கைகொடுக்காமல் இம்ப்ளாண்டை எடுக்க நேர்ந்தால், குழி ஆறி, எலும்புத் தூள் வைத்து, புதிது வைத்து, மறுபடி கிரவுன் வரை வர, எல்லாம் நல்லபடி நடந்தாலே ஒரு வருடம் போகும், இரண்டாம் முறைச் செலவு தனி.

புகை பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், முன்பு ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கும் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுவது அவர்களுக்கு ஆடம்பரம் ஆகாது, மற்றவர்களுக்கு ஆறு மாதம். போகும்போது கையில் இருக்கவேண்டியது ஒன்று உண்டு. இம்ப்ளாண்டின் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் எண் எழுதிய ஸ்டிக்கர் டப்பாவில் வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். கிரவுன் ஸ்க்ரூவால் மாட்டியதா சிமென்டா என்பதையும் அதன் பின்புறம் எழுதி வாங்குங்கள். பத்து வருடம் கழித்து வேறொருவர் அதைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்ய நேர்ந்தால், எந்த ஸ்க்ரூடிரைவர் அதில் பொருந்தும் என்பது அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால்தான் தெரியும். தெரியாமல் வேறு எதையாவது விட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும், அப்புறம் நல்ல கிரவுனை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.